பழைய காசு தேட மெட்டல் டிடெக்டர்: எதை வாங்கலாம், எவ்வளவு போடலாம், கிடைச்சா யாருக்குச் சொந்தம்?

வெள்ளி ரூபாய் நாணயங்கள் பற்றி வீடியோ போட்டதில் இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "ஊர்ல பூர்வீக வீடு இருக்கு, பழைய காசு தேட எந்த மெட்டல் டிடெக்டர் வாங்கலாம்?" பெரும்பாலானவங்க சொல்ற பட்ஜெட் 20,000, 30,000 ரூபாய். ஒருத்தர் மட்டும், வீட்டு நகையை அடகு வச்சு 3 லட்சம் ரூபாய்க்கு ஒரு "தங்கம் காட்டும் கருவி" வாங்கப் போறதா எழுதியிருந்தார். வீடியோ எடுத்து, எடிட் பண்ணி போடறதுக்குள்ள அவர் அட்வான்ஸ் கொடுத்துடுவாரோன்னு பயந்துதான் இதை முதல்ல கட்டுரையா எழுதறேன்.

மாடல் பெயரெல்லாம் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெரிஞ்சாகணும்: கிடைக்கிற காசு யாருக்குச் சொந்தம், உங்க மண் எப்படிப்பட்டது. இந்த ரெண்டும் தெரியாம மாடல் பார்க்கிறது, நிலத்தைப் பார்க்காம விதை வாங்குற மாதிரி.

இங்கிலாந்து வீடியோ வேற, நம்ம நிலவரம் வேற

யூடியூப்ல நீங்க பார்க்கிற டிடெக்டர் வீடியோக்கள்ல பெரும்பகுதி இங்கிலாந்துல எடுத்தது. உழுத வயல்ல ஒருத்தர் நடந்து போவார், கருவி கத்தும், ரெண்டு கொத்து கொத்தினா ஒரு ரோமானியக் காசு வெளியே வரும். நடிப்பும் உண்டு, நிஜமும் உண்டு. அங்கே அது நடக்கக் காரணம், அந்த ஊர்ச் சட்டம் அதுக்கு இடம் கொடுத்து அமைஞ்சிருக்கு.

அங்கே 1996ஆம் வருட புதையல் சட்டப்படி, 300 வருஷத்துக்கு மேல பழைய தங்க, வெள்ளிக் காசுகள் ஒரே இடத்துல ரெண்டோ அதுக்கு மேலயோ கிடைச்சா 14 நாளைக்குள்ள அதிகாரிக்குத் தெரிவிக்கணும். செம்பு மாதிரி சாதாரண உலோகக் காசுன்னா பத்து. தனியா ஒரு காசு கிடைச்சா பெரும்பாலும் அது புதையல் கணக்கிலேயே வராது. நிலத்துக்காரர்கிட்ட முன்னாடியே பேசி வச்ச பங்குப்படி பிரிச்சுக்கலாம். பெரிய புதையலா இருந்து அருங்காட்சியகம் எடுத்துக்கிட்டா, அதுக்கு உரிய மதிப்பை நிர்ணயிச்சுப் பணமா கொடுக்கிறாங்க. வழக்கமா கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி.

1992ல ஹாக்ஸ்ன் என்ற கிராமத்துல ஒரு விவசாயி வயல்ல சுத்தியலைத் தொலைச்சுட்டார். அதைத் தேடித் தரச் சொல்லி டிடெக்டர் வச்சிருந்த நண்பரைக் கூப்பிட்டார். சுத்தியலைத் தேடப் போன இடத்துல கிடைச்சது 14,865 ரோமானியக் காசுகளோட தங்க, வெள்ளிச் சாமான்கள். அந்த நண்பர் செஞ்ச புத்திசாலித்தனம், கொஞ்சம் தோண்டினதும் நிறுத்திட்டுத் தகவல் சொன்னது. தொல்லியல்காரங்க வந்து, பொருட்கள் இருந்த நிலையிலேயே முறையா எடுத்தாங்க. அவருக்குப் பெரிய தொகை கிடைச்சது. சுத்தியலும் கிடைச்சது, அதுவும் இப்போ பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துல இருக்கு. அதே இங்கிலாந்துல 2015ல ஒரு புதையலைக் கண்டுபிடிச்சு, தகவல் சொல்லாம விற்கப் பார்த்த ரெண்டு பேருக்குப் பல வருஷ சிறைத் தண்டனை கிடைச்சது. அங்கேயும் விளையாட்டு இல்லை.

நம்ம ஊர் எல்லை: 10 ரூபாய்

இந்தியாவுல இன்னைக்கும் நடைமுறையில இருக்கிறது 1878ஆம் வருட இந்தியப் புதையல் சட்டம். மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்த, மதிப்புள்ள எந்தப் பொருளும் புதையல். அதோட மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினா, என்ன கிடைச்சது, எங்கே கிடைச்சது, எந்தத் தேதியில கிடைச்சதுன்னு மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துப்பூர்வமா தெரிவிக்கணும். பொருளை அரசுக் கருவூலத்துல ஒப்படைக்கணும், இல்லேன்னா ஆட்சியர் கேட்கிற பிணை கொடுக்கணும்.

இந்த 10 ரூபாயை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. 1878ல 10 ரூபாய்ன்னா பத்து வெள்ளிக் காசு, கிட்டத்தட்ட 117 கிராம் எடை. இன்னைக்கு ஒரே ஒரு விக்டோரியா வெள்ளி ரூபாய் கிடைச்சாலே எல்லை தாண்டியாச்சு. காலணாவுக்குக்கூட இன்னைக்கு 10 ரூபாய்க்கு மேல தர ஆள் உண்டு. அதனால "சின்னக் காசுதானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

தெரிவிச்ச பிறகு என்ன ஆகும்? ஆட்சியர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருறவங்களுக்கு 4 முதல் 6 மாசத்துக்குள்ள ஒரு நாள் குறிப்பார். உடைமைக்காரர் யாரும் இல்லைன்னு முடிவானா, கண்டெடுத்தவருக்கு நாலில் மூணு பங்கு, நிலத்துக்காரருக்கு நாலில் ஒரு பங்கு. இது அவங்களுக்குள்ள வேற ஒப்பந்தம் இல்லாதபோது. அரசே வச்சுக்க நினைச்சா, உலோக மதிப்போட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலா கொடுத்து எடுத்துக்கலாம். கவனிங்க, உலோக மதிப்பு. சேகரிப்பாளர் ஏலத்துல தர்ற விலை இல்லை. லட்ச ரூபாய் போகக்கூடிய அபூர்வச் செம்புக் காசா இருந்தாலும், செம்போட மதிப்பும் அதுல அஞ்சுல ஒண்ணும்தான் உங்க கைக்கு வரலாம்.

சொல்லாம மறைச்சா, உங்க பங்கு முழுக்க அரசுக்குப் போயிடும். அதுக்கு மேல ஒரு வருஷம் வரைக்கும் சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும். தெரிஞ்சே உடந்தையா இருந்த நிலத்துக்காரருக்கும் தண்டனை உண்டு. அதாவது, நீங்க மாமா வயல்ல தேடி அமுக்கிட்டா, மாமாவும் மாட்டுவார்.

இன்னும் ரெண்டு சட்டம் இருக்கு. 1972ஆம் வருட தொல்பொருள் சட்டப்படி, 100 வருஷம் கடந்த நாணயம் தொல்பொருள். அதை விற்கிற தொழில் பண்ண உரிமம் வேணும், தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. அமெரிக்காவுல இருக்கிற மச்சான் கேட்டார்னு கூரியர்ல போடறதெல்லாம் குற்றம். அடுத்தது, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள், தொல்லியல் தளங்கள். அங்கே அனுமதி இல்லாம தோண்டவே கூடாது. கீழடி, ஆதிச்சநல்லூர், கொடுமணல் பக்கம் கருவியோட போய் நிற்கலாம்னு நினைக்காதீங்க. பழைய கோயில் பிரகாரம், கோட்டை மேடு, ஊர் ஓரத்துல பானை ஓடு சிதறிக் கிடக்கிற மேடு, எல்லாத்துக்கும் அதே பதில்தான்.

"கரூர் அமராவதி ஆத்துல சங்ககாலக் காசு கிடைக்குதாமே" என்று கேட்பவர்களுக்கு: கிடைச்சது உண்மை. தினமலர் ஆசிரியரா இருந்த நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி எழுதின சங்ககால நாணய ஆய்வுகளுக்கு அடிப்படையே இப்படி ஆத்துப் படுகைகள்ல கிடைச்ச காசுகள்தான். ஆனா அவை மணலைச் சல்லடையில சலிச்சவங்க கையில கிடைச்சது. டிடெக்டர் இல்லை. மேலும் ஆத்துப் படுகை அரசு நிலம், நம்ம பட்டா இல்லை. ஒரு காசு எந்த மண் அடுக்குல, எதுகூட கிடந்ததுன்னு தெரிஞ்சாதான் வரலாறு பேசும். பிடுங்கி எடுத்துட்டா அது வெறும் செம்பு வட்டம்.

அப்போ எங்கேதான் தேடலாம்? உங்க சொந்தப் பட்டா நிலம், பூர்வீக வீட்டு முற்றம், கொல்லை. பங்காளிகள் இருந்தா எல்லார்கிட்டயும் எழுதி வாங்கின சம்மதம். பிறத்தியார் நிலம்னா அவரோட கையெழுத்தும், கிடைச்சா ஆட்சியருக்குச் சொல்வோம்ங்கிற ஒரு வரியும். வாய்ச் சம்மதம் காசு கிடைக்கிற வரைக்கும்தான் செல்லும். கடற்கரையில இன்னைக்கு நேத்து விழுந்த சில்லறையைத் தேடலாம், ஆனா அங்கே கிடைக்கிற மோதிரம், தோடு யாரோ தொலைச்சது. அது புதையல் இல்லை, காவல் நிலையத்துல ஒப்படைக்க வேண்டியது.

இவ்வளவையும் படிச்ச பிறகும் "பரவாயில்லை, எங்க தாத்தா வீட்டு முற்றத்துல என்ன இருக்குன்னு பார்க்கணும், கிடைச்சதை முறையா சொல்லிடுவேன்" என்று ஆசைப்படுறவங்களுக்கு மட்டும் மீதிக் கட்டுரை.

கருவி எப்படி வேலை செய்யுது

கீழே வட்டமா இருக்கிறது காயில். அதுல மாறிக்கிட்டே இருக்கிற காந்தப் புலம் மண்ணுக்குள்ள இறங்குது. அங்கே உலோகம் இருந்தா அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகுது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப் புலத்தைத் திருப்பி அனுப்புது. அனுப்பினதுக்கும் திரும்பி வந்ததுக்கும் நடுவுல இருக்கிற தாமதத்தை வச்சுத்தான் கருவி உலோகத்தை ஊகிக்குது. அந்த ஊகத்தை எண்ணாகத் திரையில காட்டுது, பல கருவிகள்ல 0 முதல் 99 வரைக்கும். இரும்பு கீழே, வெள்ளியும் தடிமனான செம்பும் மேலே. நடுவுல தங்கம், ஈயம், அலுமினியம் எல்லாம் கலந்து கிடக்கும்.

இந்த "நடு" தான் தொல்லையே. மாத்திரை அட்டையோட அலுமினியத் தாளும் சின்னத் தங்கக் காசும் கிட்டத்தட்ட ஒரே எண் காட்டலாம். குப்பை வேண்டாம்னு அந்த எண்களை அணைச்சு வச்சா தங்கமும் போச்சு. தங்கத்தை மட்டும் தனியா காட்டுற கருவி உலகத்துல எந்த விலைக்கும் கிடையாது. கடைக்காரர் அப்படிச் சொன்னா அவருக்குத் தெரியலை, இல்லேன்னா உங்களுக்குத் தெரியலைன்னு நினைக்கிறார்.

நம்ம ஊருக்கே உரிய ஒரு வேடிக்கையும் உண்டு. 1990களுக்கு அப்புறம் வந்த நம்ம ஒரு ரூபாய்க் காசுகள் காந்தத்துல ஒட்டுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். "இரும்பை ஒதுக்கு" என்ற அமைப்புல வச்சா, கருவி இன்றைய ஒரு ரூபாயை இரும்புன்னு நினைச்சு ஒதுக்கிடவே வாய்ப்பு அதிகம். வாங்கின உடனே பையில இருக்கிற ஒரு ரூபாயைப் போட்டுப் பார்த்து "மெஷின் ரிப்பேர்" என்று சண்டைக்குப் போகாதீங்க. ஒரு பழைய காலணாவை வச்சுப் பாருங்க, அது வெண்கலம் அல்லது செம்பு, தெளிவா கத்தும்.

ஆழம் பற்றி விளம்பரத்துல வர்ற அடிக் கணக்கை மறந்துடுங்க. காலணா அளவுக் காசை ஒரு நல்ல கருவி சாதாரண மண்ணுல 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்துல பிடிக்கும். ஒரு முழத்துக்கும் குறைவு. காசு படுக்கையா இல்லாம நிமிர்ந்து நின்னா அதைவிடக் கம்மி. ஆத்து வண்டல் படிஞ்ச ஊர்கள்ல சோழர் காலத் தரைமட்டம் பல அடி கீழே இருக்கலாம், அங்கே இந்தக் கருவிக்கு எட்டவே எட்டாது. உங்க கொல்லையில யதார்த்தமா கிடைக்கக்கூடியது, கொள்ளுத் தாத்தா காலத்து அணாவும் பைசாவும்தான்.

விஜயநகர, நாயக்கர் காலத் தங்கப் பணம் பற்றிக் கேட்கிறாங்க. அதோட எடை அரை கிராமுக்கும் கீழே, துவரம்பருப்பு மாதிரி. குறைந்த அலைவரிசைக் கருவிகள் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போயிடும். பெரிய காயில் போட்டா ஆழம் கொஞ்சம் கூடும், ஆனா இந்த மாதிரிப் பொடிக்காசு இன்னும் நல்லா தப்பிச்சுடும்.

மண்ணைப் பார்த்துத்தான் மாடல்

செம்மண்ணுக்கு நிறம் கொடுக்கிறதே இரும்புச் சேர்மம்தான். அந்த இரும்பையும் கருவி கேட்கும். மண்ணோட சத்தத்தைக் கழிச்சுட்டு உலோகத்தை மட்டும் கேட்க வைக்கிற வசதிதான் கிரவுண்ட் பேலன்ஸ். புதுக்கோட்டை, சிவகங்கை மாதிரி செம்மண், செம்பொறைப் பக்கம் தேடறவங்களுக்கு இதை நாமே திருத்திக்கிற வசதி கட்டாயம் வேணும். நிலையா ஒரே அளவுல வச்சிருக்கிற கருவி அங்கே சும்மா கத்திக்கிட்டே இருக்கும். அதை அடக்க சென்சிட்டிவிட்டியைக் குறைப்பீங்க, குறைச்சா ஆழம் போயிடும். டெல்டா வண்டல் மண் இந்த விஷயத்துல சாது.

கடற்கரை ஈர மணல் இன்னொரு உலகம். உப்புத் தண்ணியும் மின்சாரம் கடத்தும். ஒற்றை அலைவரிசைக் கருவி ஈர மணலுக்கு வந்ததும் திணறும். பல அலைவரிசையை ஒரே நேரத்துல அனுப்புற கருவி சமாளிக்கும். பல்ஸ் இண்டக்ஷன் என்கிற பி.ஐ. வகையும் உப்பையும் இரும்பு மண்ணையும் பொருட்படுத்தாது, ஆழமாவும் போகும். ஆனா ஆணி எது, காசு எதுன்னு பிரிச்சுச் சொல்றதுல ரொம்ப மோசம். ஓட்டு வீட்டுக் கொல்லையில பி.ஐ. கொண்டு போனா சாயந்தரத்துக்குள்ள ஒரு கிலோ துரு ஆணி சேர்த்துடலாம். பழைய இரும்புக் கடைக்குத்தான் லாபம்.

காயில்ல டி.டி. என்று ஒரு வகை இருக்கு. இரும்பு மண்ணுல நிதானமா இருக்கும், ஒவ்வொரு வீச்சுலயும் கூடுதல் பரப்பைப் பார்க்கும். நம்ம ஊருக்கு அதுதான் என் தேர்வு. ஆணி நிறைஞ்ச வீட்டு முற்றத்துக்கு சின்னக் காயில் நல்லது, ஆணிக்குப் பக்கத்துல ஒளிஞ்சிருக்கிற காசைப் பிரிச்சுக் கேட்கும்.

இப்போ மாடல். முதல் கருவிக்கு மூணு பெயர் போதும். அமெரிக்காவோட காரெட் ஏஸ் 300, 8 கிலோஹெர்ட்ஸ், கத்துக்க ரொம்ப சுலபம். ஆனா கிரவுண்ட் பேலன்ஸ் நாம திருத்த முடியாது, மேல இருக்கிற பெட்டி மழையில நனையக் கூடாது. துருக்கியோட நோக்டா சிம்ப்ளெக்ஸ், 12 கிலோஹெர்ட்ஸ், கிரவுண்ட் பேலன்ஸ் நம்ம கையில, கருவி முழுசா தண்ணிக்குள்ள போனாலும் தாங்கும். ஆஸ்திரேலியாவோட மைன்லேப் வான்குவிஷ் 340, பல அலைவரிசை, கிரவுண்ட் பேலன்ஸ் தானே பார்த்துக்கும், ஆனா காயில் மட்டும்தான் தண்ணி தாங்கும்.

செம்மண் நிலம்னா நான் சிம்ப்ளெக்ஸ் சொல்வேன். கடற்கரைக்கும் சேர்த்துன்னா வான்குவிஷ். வண்டல் மண்ணுல வீட்டு முற்றம் மட்டும் பார்க்க, பழைய ஏஸ் ஒண்ணு கிடைச்சாலே போதும். அதுக்கு மேல இருக்கிற மைன்லேப் ஈக்வினாக்ஸ், நோக்டா லெஜெண்ட், எக்ஸ்.பி. டியூஸ் எல்லாம் அருமையான கருவிகள்தான். ஆனா அரை ஏக்கர் கொல்லைக்கு அவ்வளவு பணம் போட ஒரு நியாயமும் இல்லை.

கருவியோட கூட பின்பாயிண்டர் ஒண்ணு அவசியம், கையில பிடிக்கிற குச்சி மாதிரி இருக்கும். தோண்டின குழிக்குள்ள காசு எந்த மூலையில இருக்குன்னு காட்டும். அது இல்லேன்னா களைக்கொத்து காசு மேலயே விழும். பட்ஜெட் இறுகினா பெரிய கருவியில ஒரு படி இறங்கி, பின்பாயிண்டரை விடாம வாங்குங்க. தோண்டறதுக்கு முன்னாடி மோட்டார் ஒயர், தண்ணிக் குழாய் எங்கே போகுதுன்னு வீட்டுல கேட்டுக்கோங்க.

கணக்கு போடுவோம்

விலை நாளுக்கு நாள், கடைக்குக் கடை மாறுது. இறக்குமதின்னா சுங்க வரியும் சேரும். அதனால ஒரு மாதிரிக் கணக்கு: கருவி 30,000, பின்பாயிண்டர் 8,000, ஹெட்போன், கொத்து எல்லாம் 2,000. மொத்தம் 40,000 ரூபாய்.

ஒரு வெள்ளி ரூபாய் 11.66 கிராம். அதுல 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். கணக்கு சுலபமா இருக்க வெள்ளி கிராம் 100 ரூபாய்ன்னு வச்சா, ஒரு காசோட உலோக மதிப்பு 1,070 ரூபாய். போட்ட முதல் திரும்ப 38 வெள்ளி ரூபாய் கிடைக்கணும். வெள்ளி விலை இரட்டிப்பானாலும் 19. முழுசும் உங்க பங்குக்கே வந்தாதான் இந்தக் கணக்கும். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாய்ல வெள்ளி பாதிதான், 1947 தேதி போட்டது நிக்கல். "வெள்ளி ரூபாய்" என்ற பெயரை மட்டும் வச்சு மனசுல கோட்டை கட்ட வேண்டாம்.

ஒரு வீட்டுக் கொல்லையில 38 வெள்ளி ரூபாய் சிதறிக் கிடக்க எந்தத் தாத்தாவும் விட்டிருக்க மாட்டார். அந்தக் காலத்துல அது பல நாள் கூலி. தொலைஞ்சது பெரும்பாலும் காலணா, தம்பிடிதான். அதனால இது முதலீடு கிடையாது. கேமரா, சைக்கிள், தூண்டில் வாங்குற மாதிரி பொழுதுபோக்குச் செலவு. அவசரகால நிதி, காப்பீடு, எஸ்.ஐ.பி. எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும்போது, மிச்சம் பிடிச்ச பணத்துல தாராளமா வாங்கலாம். இ.எம்.ஐ. போட்டு வாங்கினா, கிடைக்காத ஒவ்வொரு மாசமும் அந்தத் தவணை உங்களைத் தப்பான இடத்துல தோண்டச் சொல்லும்.

காசு மேலதான் ஆசை, தேடல் மேல இல்லைன்னா வழி இன்னும் மலிவு. ராஜராஜன் பெயர் பொறிச்ச சாதாரணச் செம்புக் காசே முறையான நாணய வியாபாரிகள்கிட்ட சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. ரசீதோட வாங்குங்க. விற்கப் போறவங்களுக்கும் ஒரு எச்சரிக்கை: "உங்க பழைய காசுக்கு லட்சம் தர்றோம், முதல்ல கமிஷன், வரி கட்டுங்க" என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கேட்பது மோசடி. 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே இதுக்கு எச்சரிக்கை வெளியிட்டது.

கிடைச்ச காசைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க. எலுமிச்சை, பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற பவுடர், எதுவும் வேண்டாம். நூறு வருஷமா படிஞ்ச பச்சை, பழுப்பு மேற்பூச்சுதான் அந்தக் காசோட வயசுச் சான்று. பளபளன்னு ஆக்கினா சேகரிப்பாளர் கையில எடுக்கவே மாட்டார். தண்ணியில ஊற வச்சு மண் உதிர்ந்தா போதும். ஆட்சியர்கிட்ட ஒப்படைக்கப் போறதா இருந்தா அதையும் செய்ய வேண்டாம். கிடைச்ச இடத்தோட போட்டோ எடுத்து, மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கோங்க.

அந்த 3 லட்ச ரூபாய்க் கருவி

நகை அடகு வைக்கப் போற நண்பருக்கு. நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா அது கையில துப்பாக்கி மாதிரிப் பிடிச்சு, முன்னாடி ஆன்டெனா ஆடுற கருவி. "ஒரு கிலோமீட்டர் தூரத்துல, பத்து மீட்டர் ஆழத்துல தங்கம்னா அந்தப் பக்கம் திரும்பும்" என்று சொல்லியிருக்காங்க. இதோட அண்ணன் ஒருத்தன் உலகப் பிரசித்தம். ஏ.டி.இ. 651 என்ற பெயர்ல, வெடிகுண்டு கண்டுபிடிக்கும்னு சொல்லி ஈராக் அரசுக்கே விற்ற கருவி அது. ஒண்ணு 40,000 டாலர் வரைக்கும் போச்சு. உள்ளே வேலை செய்யுற பாகம் எதுவுமே இல்லை. 20 டாலருக்கும் குறைவான, கோல்ஃப் பந்து தேடுற விளையாட்டுச் சாமானைப் பார்த்துச் செஞ்சது. செக்போஸ்ட்ல அதை நம்பி வண்டிகளை விட்டாங்க, குண்டு வெடிச்சு ஆட்கள் செத்தாங்க. விற்றவருக்கு 2013ல இங்கிலாந்து நீதிமன்றம் 10 வருஷ சிறை கொடுத்தது.

ஆன்டெனா எப்படித் திரும்புதுன்னு கேட்பீங்க. மணிக்கட்டு நமக்கே தெரியாம லேசா சாயும், தளர்வா மாட்டின கம்பி அந்தப் பக்கம் போகும். தேங்காய் வச்சு நீரோட்டம் பார்க்கிறப்போ நடக்கிற அதே சங்கதி. நம்ம ஊர்ல ரைஸ் புல்லிங் கலசம், இரிடியம் என்று எத்தனை குடும்பம் பணத்தை விட்டிருக்கு. இது அந்த வரிசையில பேட்டரி போட்ட ஒண்ணு, அவ்வளவுதான்.

நான் சொல்றதை நம்ப வேண்டாம். பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க, சாதாரண டிடெக்டர் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினாலும் இதே சோதனைதான். தரையில வேற உலோகம் இல்லாத இடமா பார்த்து பத்து கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைங்க, ஒண்ணுக்கு ஒண்ணு ரெண்டு அடி இடைவெளி. விற்கிறவரை வீட்டுக்குள்ள அனுப்பிட்டு, ஏதாவது ஒண்ணுக்குக் கீழே மோதிரத்தை வைங்க. வச்சவரும் அந்த இடத்தை விட்டுப் போயிடணும், ஏன்னா அவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுடுவாங்க. இப்போ விற்கிறவர் வந்து, எந்தக் கொட்டாங்குச்சியையும் தொடாம காட்டணும். குருட்டாம்போக்குல சரியா சொல்ல பத்துல ஒரு வாய்ப்பு. மூணு தடவை தொடர்ந்து சொல்ல ஆயிரத்துல ஒண்ணு. 15,000 ரூபாய் பழைய ஏஸ் கருவி மூணு தடவையும் அசால்ட்டா காட்டிடும். 3 லட்ச ரூபாய்க் கருவிக்காரர் பூமி சூடா இருக்கு, இன்னைக்கு அமாவாசை, மோதிரம் புதுத் தங்கம் அதனால காட்டாதுன்னு ஆரம்பிச்சார்னா, காபி குடுத்து அனுப்பிட்டு நகையை எடுத்து மறுபடியும் பீரோவுல வைங்க.